சவேரினா நடந்து வந்த பாதை

ருகண்டோ மலை, கிவு ஏரிக்கரை,
ருவாண்டா.
ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து

அன்பு மகள் பெர்பெத்துவாவுக்கு,

உன் அத்தை த்ரோசெல்லா எழுதுவது. நானும் உன் மாமா எவரிஸ்தும் சுகம். பெல்ஜியத்தில் நீயும், நீ கட்டிக்கொள்ளப்போகும் பஸ்தியானும், உன்னை அழைத்துப்போய்ப் படிக்கவைத்த உன் தகப்பனாரின் தங்கையும் சுகமாயிருக்க வேண்டும் என்று இன்றைய பூசையிலும் கேட்டுக்கொண்டோம். உனக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை உறுதியான செய்தியை மாமா மலை முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த உடைந்த தாடையோடு அவர் பேசுவது என்னைத் தவிர யாருக்குப் புரிகிறது? அவர் பின்னாலேயே போய் நான் வீடு வீடாக இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

மழை இந்த வருடம் நம்மை ஏமாற்றவில்லை. அவரை நன்றாகக் காய்த்திருக்கிறது. காப்பிச் செடியில்தான் கொஞ்சம் பூச்சி. சிவப்புப் பசு சினையாக இருக்கிறது. கன்று பெண்ணாக இருந்தால் உனக்குத்தான் என்று மாமா முடிவு செய்துவிட்டார். பெல்ஜியத்துக்குப் பசுவை எப்படி அனுப்புவது என்று கேட்டால் என்னை முறைக்கிறார்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் வருங்கால மாமியார் சாப்பாட்டு மேசையில் உன்னிடம் நீ ஹூட்டுவா, டுட்சியா என்று கேட்டாள் என்றும், காலங்காலமாக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் இரண்டு இனங்கள்தானே உங்களுடையது என்றாள் என்றும், நீ தலை குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்றும் எழுதியிருந்தாய். அவள் கெட்டவள் இல்லை என்றும் எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் நீ தலை குனிந்தாய் என்று படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நீ குனிய வேண்டிய குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி.

உன் அம்மா சவேரினாவின் தாத்தா செம்பகாரே. உன் மாமா எவரிஸ்தின் தாத்தா ருகேரா. இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அண்ணன் தம்பி. ஒரே குலம், ஒரே மொழி, ஒரே வாழைத்தோப்பு. அந்தக் காலத்திலும் ஹூட்டு, டுட்சி என்ற சொற்கள் இருந்தன. ஆனால் மாடு பெருகினால் ஒரு பெயர், மாடு போய் மண்வெட்டி பிடித்தால் இன்னொரு பெயர் என்று அது மாறக்கூடியதாக இருந்தது. பெல்ஜியக்காரர்கள் வந்து எல்லோருக்கும் அடையாள அட்டை எழுதிய வருடம் அதுவும் நின்றுபோனது. செம்பகாரே மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் அதிகாரிக்கு முன்னால் நின்றார். ஆள் நல்ல உயரம், நீண்ட மூக்கு. டுட்சி என்று எழுதினார்கள். ருகேரா அப்போதுதான் பெண் கேட்டு, இருந்த மாடுகளையெல்லாம் பெண் வீட்டுக்குச் சீராகக் கொடுத்திருந்தார். வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து நின்றார். ஹூட்டு என்று எழுதினார்கள்.

இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தம்பி, "பெரிய துரையே, பாத்து நடங்க, காலில் சேறு ஒட்டிக்கும்" என்று கேலி செய்தாராம். அண்ணன், "வாய மூடிட்டு என் கூடையத் தூக்குடா ஹூட்டு" என்றாராம். ஊரே சிரித்ததாம்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அதிகாரி செம்பகாரேயின் கையில் சாட்டையைக் கொடுத்துச் சாலை வேலைக்கு மேஸ்திரி ஆக்கினான். ஹூட்டுகளை அடித்து வேலை வாங்கு, இல்லாவிட்டால் அடி உனக்கு என்றான். தம்பியை அடிக்கச் சொன்ன அன்று செம்பகாரே சாட்டையைக் கீழே போட்டார். அடியைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். மற்றவர்கள் முதுகில் அவர் சாட்டை விழுந்திருக்கிறது. அடி வாங்கியவர்களின் பிள்ளைகள் வெள்ளைக்காரனை மறந்தார்கள், சாட்டை பிடித்த கையை மறக்கவில்லை. பிறகு நாட்டை விட்டுப் போகிற சமயத்தில் வெள்ளைக்காரர்கள் பக்கம் மாறி, ஹூட்டுகளைத் தூக்கிவிட்டார்கள். டுட்சி வீடுகள் எரிந்தன. செம்பகாரேயின் வீடும் எரிந்தது. அவர் குடும்பத்தைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் தம்பி ருகேரா.

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் டுட்சிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வார். சவேரினா எழுந்தாள். பக்கத்தில் உன் மாமாவும் எழுந்து நின்றார். நீ ஹூட்டு, உட்கார் என்று வாத்தியார் அதட்டியும் உட்காரவில்லை. பிரம்பு பிய்யும்வரை அடித்தார் வாத்தியார். கடைசி பெஞ்சிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இந்தப் பையனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே மனதில் போட்டுவைத்தேன். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, தலைக்கேறிவிடும்.

இப்போது அந்த ஏப்ரல் மாதத்துக்கு வருகிறேன், நாடு முழுக்க டுட்சிகளைத் தேடித் தேடிக் கொன்ற தொண்ணூற்று நாலாம் வருடம். உன் அப்பாவைச் சாலைத் தடுப்பில் அட்டையைப் பார்த்துக் கொன்றுவிட்டார்கள். சவேரினா உன்னைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தாள். உனக்கு அப்போது மூன்று வயது. எங்கள் ஒலிவாவுக்கும் அதே வயது. ஈஸ்டருக்கு அவளை ஜிசென்யியில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். ஜூலையில் அந்த ஆட்சி கவிழ்ந்து, என் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஊரோடு ஊராக எல்லையைத் தாண்டி ஓடியபோது, கோமா முகாமில் காலரா வந்து அவள் போய்விட்டாள். அது உனக்குத் தெரிந்ததுதான்.

தோப்பில் பியருக்காக வாழைக்காய் பழுக்கவைக்கிற குழியில் சவேரினாவை ஒளித்து, மேலே இலையும் மண்ணும் போட்டோம். உன்னை என் முதுகில் துணியால் கட்டிக்கொண்டேன். ஒலிவாவை நான் அப்படித்தான் சுமப்பேன். என் முதுகில் ஒரு பிள்ளையைப் பார்ப்பது ஊருக்குப் பழகிய காட்சி.

ஒரு காலையில் கலிஸ்த் வந்தான். எங்கள் பகுதியின் கவுன்சிலர். எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து எங்கள் பியரைக் குடித்தவன். கூட வந்தவர்கள் கையில் கத்தியும் ஆணி அடித்த தடியும். கொலைக்கு அவர்கள் வேலை என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் வேலைக்கு வந்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் வரவில்லை என்று மாமாவைக் கேட்டான். அந்த வேலை எனக்குத் தெரியாது என்றார் மாமா.

"உன் அட்டையில என்னடா எழுதியிருக்கு?" என்றான் கலிஸ்த்.

"அது வெள்ளைக்காரன் எழுதுனது. எங்க பாட்டன்மாரப் பெத்தவ எழுதல."

அந்தப் பதிலுக்குத்தான் தாடையில் தடி இறங்கியது. விழுந்தவரை மறுபடி மறுபடி அடித்தார்கள். சவேரினா எங்கே என்று கேட்டுக்கேட்டு அடித்தார்கள். அவர் வாயிலிருந்து ரத்தம் வந்தது. பேச்சு வரவில்லை.

குழிக்குள் இருந்த உன் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? சத்தமில்லாமல் ஏறி, தோப்பைச் சுற்றிக் கீழே இறங்கி, ஏரிப் பக்கமிருந்து வருகிறவளைப் போலப் பாதையில் நிமிர்ந்து நடந்து வந்தாள். எங்கள் வீட்டில் இருந்தாள் என்று யாரும் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக.

"கலிஸ்த், என்னத்தானே தேடுற? அந்த மனுசன எதுக்குப் போட்டு அடிக்கிற? நான் நாணல்லதான் கெடந்தேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப் போச்சு."

மாமாவை விட்டுவிட்டு அவளைப் பிடித்தார்கள். முற்றத்தைக் கடந்துதான் கூட்டிப்போனார்கள். அவள் குரலைக் கேட்டு நீ என் முதுகில் நெளிய ஆரம்பித்தாய். இன்னும் ஒரு நொடியில் அம்மா என்று கத்தியிருப்பாய். சவேரினா நின்றாள். உன்னைப் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்து, அக்கம்பக்கத்தில் ஒருத்தியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"த்ரோசெல்லா, ஒம் பொண்ணுக்குச் சளி கட்டியிருக்கு போல. தேன் குடு."

நான் உன்னைக் குலுக்கித் தாலாட்டியபடி சரி என்றேன். நீ என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். உன் அம்மா அவர்களுக்கு முன்னால் நடந்தாள். இழுத்துப்போகிற வேலையைக்கூட அவள் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பின்னாட்களில், கொன்றவர்களை விசாரிக்க மலையின் புல்வெளியில் ஊர் நீதிமன்றம் கூடியது. உன் மாமா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னேன். உன் ஆட்களுக்கு எதிராக ஏன் நிற்கிறாய் என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். "என் ஆளுன்னா சவேரினாதான்" என்றார் மாமா. அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. கலிஸ்த் புதைத்த இடத்தைக் காட்டினான். உன் அம்மாவைத் தோண்டியெடுத்துக் கழுவி, வெள்ளைத்துணி போர்த்தி, நினைவிடத்தில் அடக்கம் செய்தோம். எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் உண்டு. போகட்டும்.

இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை மகளே. மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துக்காட்டச் சொல்கிறார், தலையாட்டுகிறார். எத்தனையோ பேர் கத்தியோடு போன நாட்டில், நம் வீட்டில் அப்படியொரு பெண் இருந்தாள். நீ அவள் மகள். நம்மைப் பிரித்தது காலங்காலமான பகை இல்லை. ஆட்சி செய்ய வந்தவன் எழுதிப் பிரித்தான், அதைப் படித்து நம்மவர்கள் வெட்டினார்கள். இரண்டையும் சொல், ஒன்றை மட்டும் சொல்லாதே. உன் மாமியார் மறுபடி கேட்டால் அவள் கண்ணைப் பார்த்து, உட்காரவைத்துச் சொல். நல்ல பெண்ணாக இருந்தால் கேட்டுக்கொள்வாள்.

கல்யாணம் அங்கே நடக்கட்டும். பெண் கேட்கிற சடங்கு மட்டும் இங்கே நம் முற்றத்தில் நடக்க வேண்டும். பஸ்தியான் வீட்டார் வரட்டும். பெண் வீட்டுப் பேச்சை நான்தான் பேசுவேன் என்கிறார் மாமா. புரியாவிட்டால் சிரித்து வைக்கச் சொல்.

அழைப்பிதழ் அச்சடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். தாய் என்கிற இடத்தில் சவேரினாவின் பெயரைப் பெரிய எழுத்தில் போடு. அதில் யாரும் கைவைக்கக் கூடாது. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால், சின்ன எழுத்தில், என் பெயரும் இருக்கலாமா என்று யோசித்துப் பார். இல்லாவிட்டாலும் குறையில்லை.

உன் வீட்டில் பசுக்கள் நிறையட்டும், பிள்ளைகள் நிறையட்டும். குளிரில் வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள்.

உன்னைச் சுமந்த,
த்ரோசெல்லா