கோட்டுப் பையில் தீப்பெட்டி

பிளேஸ்டோ, லண்டன்

அன்புள்ள அம்மா,

ஒப்பரேஷனுக்குப் பிறகு கண் தெளிவாகத் தெரிகிறதா? இதை நீங்களே வாசியுங்கள். அப்பாவிடம் கொடுத்தால் பயந்துவிடுவார்.

நான் சுகம். ஹைட்ரஜன் பஸ்களுக்கு வாயு நிரப்பும் அதே வேலைதான். அந்த வாயுவுக்கு மணமில்லை. தீப்பற்றினால் சுவாலையும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் உள்ளே போகுமுன் கோட்டுப் பைகளைக் காலிசெய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை உங்கள் கண்ணுக்காகக் கோயிலில் நெய்விளக்கு ஏற்றிவிட்டு அப்படியே ஷிப்டுக்கு ஓடினேன். பஸ்ஸில் குழாயை மாட்டிய பிறகுதான் பைக்குள் தீப்பெட்டி தட்டுப்பட்டது. நானே போய்ச் சொன்னேன். மேற்பார்வையாளர் சபாரத்தினம் அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்ன பிள்ளை, இப்பிடிச் செய்திட்டாய்? இதை நான் மறைக்க ஏலாது" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை, அம்மா. அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை விசாரிப்பார்களாம். அதுவரை வேலைக்கு வரவேண்டாமாம். என் விசாவும் இந்த வேலையோடுதான்.

அடுத்த பார்சலில் கொஞ்சம் மிளகாய்த்தூள் வையுங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் வையுங்கள், போர்த்திக்கொள்ள.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எனக்காக ஒரு விளக்கு ஏற்றுங்கள். இங்கே நான் ஏற்றமாட்டேன். அறையில் இருந்த தீப்பெட்டியையும் எறிந்துவிட்டேன்.

தபால் எடுக்கும் நேரமாகிறது.

உங்கள் மகள்,
கம்சிகா