காக்காவின் பெயரில் வந்த பதில்கள்

என் காக்கா, என் அண்ணனே,

உங்கள் மீது சலாம் உண்டாகட்டும். ஊரில் யாருக்குச் சலாம் சொன்னாலும் பதில் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பேன். உங்களிடமிருந்து பதில் வந்துவிடுமோ என்று இப்போது பயப்படுகிறேன்.

ரஷ்யாவில் சமையல் வேலை என்றுதானே நம் கிழக்குக் கரைச் சாய்ந்தமருதிலிருந்து போனீர்கள்? போய் இறங்கியதும் கையில் ராணுவச் சீருடையைக் கொடுத்தார்கள். உக்ரைனிலிருந்து பிரிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் மாவட்டங்களுக்காக இரண்டு அயல் நாடுகள் அடித்துக்கொள்வதைப் போனில் எனக்கு விளக்கிவிட்டு, "இங்கயும் கிழக்குலதான் பிரச்சின, தங்கச்சி" என்று சிரித்தீர்கள். நம் நாட்டுச் சண்டையில் ஒரு கீறலும் படாமல் வளர்ந்த மனிதர், யாரோ இருவருடைய எல்லையில் போய் விழுந்தீர்களே. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நீங்கள் மவுத்தான செய்தியை உங்களோடு இருந்த மாத்தறைக்காரர்தான் எனக்குச் சொன்னார். கண்ணால் கண்டாராம். உடலை எடுக்க முடியவில்லையாம். உம்மாவின் இதயம் தாங்காது என்று நான் மறைத்துவிட்டேன். விசாக் கடதாசிகள் அனுப்புவதற்காக உங்கள் வாட்ஸ்அப்பை என் கணினியில் இணைத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா, அது திறந்தே கிடந்தது. அன்றைக்கும் உம்மா குரற்செய்தி அனுப்பியிருந்தார்: "சோறு தின்டியா மகன்? குளிரா?"

உங்கள் பெயரில் நான் எழுதினேன்: "தின்டன் உம்மா. சிக்னல் சரியில்ல, கதைக்க ஏலா. நீங்க நெஞ்சு வருத்தத்துக்குக் குளிசை போட்டீங்களா?"

ஒரு நாளுக்கென்று தொடங்கியது ஐந்து மாதமாகிவிட்டது. போன் அங்கே இரண்டு வாரம் செத்துக் கிடந்தால் கணினியிலும் தானாக அணைந்துவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அது அணையவே இல்லை. யார் காக்கா அதற்குச் சார்ஜ் போடுகிறார்கள்? சில நாட்களில் அசர் தொழுதுவிட்டு வந்து நான் திறக்கும் முன்பே உம்மாவின் குரலை யாரோ கேட்டு முடித்திருப்பார்கள்.

போன மாதம் உங்களிடமிருந்து உம்மாவுக்கு ஒரு குரற்செய்தி வந்தது. நான் அனுப்பியதல்ல. காற்றுச் சத்தம், அதற்குள் ஒருவர் மூச்சு விடுவது, அவ்வளவுதான். உம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். நான் வெங்காயம் அரிந்துகொண்டே, "சிக்னல் இல்லாட்டி அப்படித்தான் உம்மா" என்றேன்.

இத்தனை நாளும் இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகை உங்களுக்கு இல்லை. உடல் வராதவருக்கும் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழலாம். ஆனால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், உம்மாவின் காதில் விழும். அவர் உயிருக்குப் பயந்து உங்களுக்குத் தொழுவிக்காமலே விட்டேன். நீங்கள் இன்னும் அங்கே அலைந்துகொண்டிருந்தால் அது என்னால்தானோ?

நேற்றுப் பகல் உங்கள் எண்ணுக்கு உம்மாவின் குரல் வந்தது. அடுத்த அறையிலிருந்துதான் அனுப்பியிருந்தார்.

"மகள், காக்கா ஒருநாளும் என்ட குளிசையப் பத்திக் கேட்டதில்ல. முதல் கிழமையே எனக்கு விளங்கிட்டு. நீ தாங்கமாட்டாய் எண்டுதான் நானும் மகன், மகன் எண்டு கதைச்சிட்டிருந்தன். போதும் புள்ள. வெள்ளிக்கிழமை அவனுக்குத் தொழுவிப்பம்."

ஓடிப்போய் மடியில் விழுந்து அழுதேன். அழுது முடித்த பிறகு, அப்படியென்றால் அந்தக் காற்றுச் சத்தத்தை ஏன் அத்தனை தடவை கேட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ எழுதினது ஒண்டும் அவன் இல்ல" என்றார் உம்மா. "அந்த மூச்சு மட்டும் அவன்ட."

காக்கா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் உங்களுக்குத் தொழுவார்கள். உம்மாவும் நானும் வீட்டில் தொழுவோம். முடிந்ததும் கணினியில் உங்களை நானே அணைத்துவிடுவேன். அதற்குள் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். எவ்வளவு பயந்தாலும் உட்கார்ந்து கேட்பேன். உங்கள் பெயரில் இனி ஒரு சொல்லும் எழுதமாட்டேன், இது என் வாக்கு.

இதைத் தன் பெயரிலேயே எழுதும்
உங்கள் தங்கச்சி,
றிஸ்னா