மொஸ்கோக்காரன் தேத்தண்ணீர்

நேற்று இங்கே பலெர்மோவின் வுச்சீரியாச் சந்தையில் செர்ரிப்பழ ஜாம் ஒரு போத்தல் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் அந்தப் புளிப்பு வாசத்தோடு நீயும் வந்துவிட்டாய், மச்சான். தேத்தண்ணீரில் ஜாம் கரைத்துக் குடித்த யாழ்ப்பாணத்தான் உன்னைத் தவிர வேறு யார்? "ரஷ்யாவிலை எல்லாரும் இப்பிடித்தான் குடிக்கிறவை. பீக்கிங்காரர் உங்களுக்கு என்ன தெரியும்?" என்பாய்.

ஊரில் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தபோது நீ மொஸ்கோ அணி, நான் பீக்கிங் அணி. கொடி ஒரே சிவப்புத்தான். ஆனால் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் முகம் பார்க்கமாட்டோம். பிறகு சண்டை துரத்த, இருவரும் இத்தாலிக்கு ஓடி, பலெர்மோவில் ஒரே எசமானியம்மாவின், எங்கள் சிஞ்ஞோராவின், வீட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தோம். உலகத் தொழிலாளர்கள் கடைசியில் ஒன்றுபட்டது அவளுடைய குளியலறையில், ஆளுக்கொரு தும்புத்தடியோடு. அங்கேயும் நீ விடவில்லை. "உங்கடை பீக்கிங் ஆக்கள் இப்ப அமெரிக்கன் கோலா குடிக்கினமாம், ஓமோ?"

இதற்கெல்லாம் முன்பே, மொஸ்கோவில் படிக்கப் போன இடத்தில் கல்யாணம் முடித்தாய். படிப்பு முடிந்ததும் உன்னை அனுப்பிவிட்டார்கள்; மனைவியையும் கைக்குழந்தையையும் வெளியே விடவில்லை. பலெர்மோவில் நம் சனம் கூடும் மாதா கோயில் வாசலில் இதற்குக் கைகால் வைத்துக் கதைத்தார்கள். "உவரின்ரை வெள்ளைக்காரி உளவாளியாம்!" அந்த உளவாளி என் சேர்க்கை. கதைக்கு உப்பு வேண்டாமா?

ரஷ்யாவில் சீர்திருத்தம் தொடங்கியதும், சிஞ்ஞோராவின் டிவியில் உங்கள் தலைவர் மேற்கத்தேயத் தலைவர்களோடு கைகுலுக்கும் போதெல்லாம், ஈரத்துணி கையில் சொட்டச் சொட்ட நிற்பாய். ஒரு டிசம்பரில், நத்தார்ப் பெருநாள் அன்று, மொஸ்கோவில் செங்கொடி இறங்கியது. எத்தனையோ வருடமாக ஒரு நக்கலைச் சேமித்து வைத்திருந்தேன். வாய் திறக்குமுன் நீ அழுதுவிட்டாய்.

"டேய், கதவு திறந்திட்டுது. இனிப் பிள்ளை வருவாள்."

அதன்பின் ஞாயிறுதோறும் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் ஸ்டேஷனின் டெலிபோன் கூண்டில் நீ. மகள் இத்தாலிக்கு விசா கேட்டாள், மறுத்தார்கள். திரும்பக் கேட்டாள், திரும்ப மறுத்தார்கள்.

"முந்தி அவங்கள் வெளியாலை விடேல்லை. இப்ப இவங்கள் உள்ளுக்கு விடுறாங்களில்லை. கதவு அதேதான் மச்சான், பூட்டுத்தான் கை மாறியிருக்கு."

போன மாரிகாலத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. சாமி இல்லையென்று திரிந்த உன்னைக் கோயில் ஆட்கள்தான் தூக்கிப்போய், சிலுவை நட்டுப் புதைத்தார்கள். எழும்பிச் சண்டை பிடிப்பாயென்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் மகளுக்கு இப்போதுதான் விசா கிடைத்தது. கல்லறை பார்க்க.

இன்று காலை ஸ்டேஷனில் பெயர் எழுதிய அட்டை தேவைப்படவில்லை. உன் மூக்கு இறங்கி வந்தது. உன்னிடம் கூட்டிப்போய்விட்டு, வீட்டில் தேத்தண்ணீர் ஊற்றி, உன் முறைப்படி ஜாமைக் கரைத்துக் கொடுத்தேன். கோப்பையைப் பார்த்துத் திகைத்தாள்.

"எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் குடிப்பதில்லை, மாமா," என்றாள் உடைந்த இத்தாலியனில். "ஜாமைக் கரண்டியில் எடுத்துத் தனியாகச் சாப்பிடுவோம்."

அட பாவி! மொஸ்கோ அணி பிழையென்பதற்கு அசைக்கமுடியாத ஆதாரம் வாழ்நாளில் இன்றுதான் கிடைத்தது. கேட்க நீ இல்லை.

அவள் அதைக் கொட்டவில்லை. அடிமண்டிவரை குடித்தாள். நானும் குடித்தேன். நாளைக்கும் கரைத்துத்தான் குடிப்பேன், பிழையென்று தெரிந்துகொண்டே.