அக்கா வீட்டு மூன்றாவது மாடி

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் மெஷின் மிதித்தே தேய்ந்துபோன என் முட்டியை ஒருவழியாக வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் காட்டிவிட்டேன்.

"வலியை அடியோட விரட்ட முடியாதும்மா, அடக்கி வைக்கலாம். குறைஞ்சதும் முதல்ல என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார்.

"எங்க அக்கா வீட்டு மூணாவது மாடி ஏறணும்." யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பெரியம்மாகூடத்தான் பேச்சே இல்லையே!" என்று உடன் வந்த என் மகள் போட்டு உடைத்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதுக்கு என்கிட்ட ஊசி இல்லம்மா."

முட்டிக்கு மட்டும் போட்டார். ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. நேற்று எதிர்வீட்டு மாடிக்கு ஏறி இறங்கினேன். அவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள், சும்மா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். தட்டியதும் கதவைத் திறந்துவிடு. வாசலில் நிற்கவைத்தால் முட்டி தாங்காது.

உன் தங்கை