நத்தார் மரத்தில் நாலு குருவி

மச்சாள்,

இன்று காலை உங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் சுப்பர்மார்க்கெட்டின் நத்தார் விளம்பரத் தாள்கள் கட்டாகக் கிடந்தன. அந்த மினுங்கல் தாளின் மை மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் கண்முன்னே வந்து நின்றீர்கள். அண்ணா குப்பையில் போடப்போக, நீங்கள்தான் எப்போதும் பறித்தெடுப்பீர்கள். இந்த முறை நான் பறித்தேன்.

சைவ வீட்டில் பிறந்து என் அண்ணாவைக் கட்டி வந்த உங்களுக்கு, எங்கள் வேதக்கார வீட்டில் யேசு பிறந்த நத்தார் என்றால் எங்களைவிட உற்சாகம். எங்கள் ஊர் ஸ்பிரிங்வேல் கடைகளில் மரத்தில் தொங்கவிடுகிற சோடனைச் சாமான் குவிந்து கிடக்கும். நீங்கள் திரும்பியும் பார்க்க மாட்டீர்கள். "பிள்ளையளுக்குக் கை என்னத்துக்குத் தந்திருக்கு? போன் தடவவோ?" என்பீர்கள். பூங்காவில் விழுந்த யூக்கலிப்டஸ் கொப்பை மணல் வாளிக்குள் நட்டால் அதுதான் மரம். சிப்ஸ் பைகளைக் கழுவி உட்புறத்தைத் திருப்பி வெட்டினால் வெள்ளி நட்சத்திரம். விளம்பரத் தாளை நீட்டு நீட்டாக வெட்டி, கோயிலுக்குக் குருத்தோலையில் மடிக்கிற குருவித் தோரணத்தை மடிப்பீர்கள். உங்கள் மகள் கயலும் என் பிள்ளைகளும் கோதுமை மாக் கூழை மேசையெல்லாம் பூசிவைப்பார்கள்.

முதல் வருடம் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? நீங்கள் குசினிக்குள் சமைக்கப் போன நேரம், பிள்ளைகள் ஒவ்வொரு தொங்கலிலும் மூன்று குருவியை மடித்து, தலைகீழாக மரம் முழுக்கக் கட்டிவிட்டார்கள். கடையில் விற்கிற பந்துகள் கீழ்நோக்கித்தானே தொங்குகின்றன என்பது அவர்கள் கணக்கு! நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இது செத்தவீட்டுத் தோரணமெல்லோ!" என்று கத்தினீர்கள். பிறகு கதிரையில் விழுந்து, கண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

"வை அப்சைட் டவுன்?" என்று கயல் கேட்டாள்.

"துக்கத்தில தலை நிமிராதாம். அதான் மூண்டு குருவி, தலைகீழ. நல்ல காரியத்துக்கு நாலு, நிமிர்ந்து நிக்கவேணும். எங்கட வீட்டில எப்பவும் நாலுதான், விளங்கிச்சோ?"

இந்த வருடம், இந்த நாட்டின் ஜூன் மாதக் குளிரில், நீங்கள் போய்விட்டீர்கள். போன கிழமை உங்கள் சின்னம்மா போன் எடுத்தா. "ஆண்டுத் திவசம் முடியேல்லை. இந்த முறை ஒரு சோடனையும் வேண்டாம் பிள்ளை. சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொல்லட்டும் அன்ரி," என்றேன். "அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை. நத்தாரும் இல்லையெண்டு என்னால சொல்ல ஏலாது."

வாய் பெரிதாகத்தான் பேசியது. இன்று மத்தியானம் உங்கள் வீட்டு மேசையில் தாள்களை வெட்டினேனே தவிர, ஒன்றையும் மடிக்கத் தொடங்கவில்லை. கயல் மூன்று குருவிகளை மடித்தாள். தொங்கலைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தாள்.

"மாமி, இந்த முறை இப்பிடியோ?"

கதிரையில் இருந்த அண்ணா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களைக் கொண்டுபோன எல்லாவற்றின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. தொங்கலை வாங்கி, நான்காவது குருவியை நானே மடித்தேன். நிமிர்த்திக் கொடுத்தேன்.

"இல்லை. அம்மா என்ன சொன்னவ?"

"எங்கட வீட்டில எப்பவும் நாலு," என்றாள். பிறகுதான் அழுதாள். மூன்று பேரும் அழுதோம். அழுது முடித்து மிச்சத்தையும் மடித்தோம். முதல் தொங்கலை மரத்தில் கட்டப் போனவளைத் தடுத்து, அண்ணா அதை வாசற்கதவில் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வருவா. பார்க்கட்டும். தெருச் சனமும் பார்க்கட்டும். என் தலை குனிந்துதான் கிடக்கிறது, மச்சாள், அதை நான் மறைக்கவில்லை. உங்கள் குருவிகளின் தலையை மட்டும் ஒருவரும் குனிய வைக்க நான் விடமாட்டேன்.