போதும்க்கா

12 ஆகஸ்ட் 2004, இரும்புலியூர்

காட்டாங்குளத்தூர்க் கல்லூரி விழாவுக்குத் தென்னாப்பிரிக்க அமைச்சராக ஜோசப் வந்திருந்தான். நிறவெறி அரசுக்குத் தப்பி வந்து இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் ஒளிந்திருந்தவன்.

மேடையில், "போராட்டக் காலத்தில் நான் தாய்நாட்டை விட்டு ஒருநாளும் நகரவில்லை. இந்தியாவுக்கு இதுதான் முதல் பயணம்" என்றான். முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான், பாவி. இப்படிச் சொல்லித்தான் அங்கே அமைச்சரும் ஆனான் போல. கை குலுக்கியபோதும் வெறும் "ஹலோ சார்" தான்.

சாப்பாட்டின்போது, சாம்பார் ஊற்ற வந்த மீசைக்காரரிடம் இலைமேல் கையை வைத்து, "போதும்க்கா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. என் மனைவி பரிமாறும்போது அவன் கற்றுக்கொண்ட தமிழ் அது.

வீட்டுக்கு வந்ததும், "ஜோசப் என்னை விசாரிச்சானா?" என்று கேட்டாள்.

விசாரித்தான் என்று நானும் பொய் சொன்னேன்.