நீங்கள் கீறிய வரைபடம்

என்ரை அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு ஒரு மாரி முடிந்து அடுத்த மாரியும் வந்துவிட்டது. உங்கள் அறையை நான் இன்னும் ஒழுங்குபடுத்தவில்லை. மேசையில் ஒரு பக்கம் எலும்புப் புத்தகங்கள், மறுபக்கம் பறவைப் புத்தகங்கள், நடுவில் உங்கள் தேத்தண்ணிக் கோப்பையின் கறை. எத்தனை தரம் ஏசியிருப்பேன்? இப்போது அதைத் துடைக்க மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களோடு வேலை செய்த டொக்குத்தர்மார் நினைவுமலர் போடுகிறார்களாம். நீங்கள் எழுதிய கட்டுரைகளின் விபரம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கிறுக்கலை விளங்கிப் படியெடுத்தவள் நான்தானே, வேறு யாரைக் கேட்பார்கள்? பனையால் விழுந்தவர்களின் இடுப்பெலும்பைப் பற்றியது, பிள்ளைகளின் வளைந்த காலைப் பற்றியது எல்லாம் எழுதிவிட்டேன். பூநாரைக் கட்டுரைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

கொழும்புத்துறைக் கரையில் அவை எங்கே இரை தேடும், எந்தத் திட்டில் நிற்கும் என்றெல்லாம் எழுதி, வரைபடமும் கீறியிருந்தீர்கள். இவ்வளவு விபரம் ஏன் என்று கேட்டேன்.

"எலும்பு வைக்கிறதை எழுதினால், இன்னொரு டொக்குத்தர் அதைப் பாத்து அப்பிடியே வைக்க வேணும். இதுவும் அப்பிடித்தான்" என்றீர்கள். அந்தத் துல்லியத்தில் உங்களுக்கு எவ்வளவு பெருமை.

அது பறவைப் பத்திரிகையில் அச்சாகி வந்தபோது நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள். பிறகு நடந்ததை நான் உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மீன் கொண்டுவரும் மரியம்மா அக்கா ஒரு பூநாரையைச் சாக்கில் சுற்றி, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலுக்குக் கொண்டுவந்தார். ஒரு கால் முறிந்து தொங்கியது.

"டொக்குத்தர் ஐயா கட்டிவிடுவார் எண்டு கொண்டந்தனான், பிள்ளை. காரிலை வந்து சுட்டவங்கள். கரையெல்லாம் செத்துக் கிடக்குது."

"ஆர் அக்கா?"

"ஆரோ துரைமார். கையிலை ஒரு புத்தகம் வைச்சிருந்தவை. எங்கடை கரையின்ரை படம் அதிலை கீறிக் கிடந்தது."

நான் அவர் வாயைப் பொத்தினேன். "ஆர் தங்கச்சி வந்தது?" என்று நீங்கள் உள்ளேயிருந்து கேட்டீர்கள். "மீன் அண்ணை" என்றேன். நீங்கள் கட்டுவதைப் பார்த்துப் பழகிய கைதானே என்று மூங்கில் சிம்பு வைத்து நானே கட்டினேன். பொழுது சாயும் முன் அது செத்துப்போனது. கிணற்றடி வாழைகளுக்குள் தாட்டேன்.

அதே கிழமை நீங்கள் படுத்தபடியே அடுத்த கட்டுரையைச் சொல்ல, நான் எழுதினேன்; வரைபடத்தை மட்டும் உங்கள் கையாலேயே கீறிப் பெயர்கள் எழுதினீர்கள். பூநாரைகள் கூடுகிற இன்னோர் இடத்தை நீங்கள் கண்டுபிடித்திருந்தீர்கள். எங்கே என்று இங்கும் எழுதமாட்டேன், இந்தக் கடிதமும் யார் கண்ணிலாவது படலாம்.

"இதை அனுப்பிப் போடு. எலும்பைப் பற்றி எழுத எத்தினை பேர் இருக்கினம். இதுக்கு நான் ஒருத்தன்தான்" என்றீர்கள். நான் ஓம் என்றேன். சாகக் கிடந்த உங்களிடம் வேறென்ன சொல்ல?

பத்திரிகை ஆசிரியர் கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார். அது வெளிவந்தால் உங்கள் பெயர் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? இடத்தை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்றும் யோசித்தேன். வெட்டினால் அதில் மிச்சம் ஒன்றுமில்லை. அந்த இடம்தான் கட்டுரையே.

விஷயம் தெரிந்திருந்தால் நீங்களே அதைக் கிழித்திருப்பீர்களா, அண்ணை? இல்லை, அப்போதும் அனுப்பச் சொல்லியிருப்பீர்களா? அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நினைவுமலரில் அந்த இரண்டாவது கட்டுரை இராது. நான் எழுதிய தாள்களை, உங்கள் வரைபடத்தோடு, இன்று காலை அடுப்பில் வைத்துவிட்டேன். உங்கள் கையெழுத்து எரிவதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

கொழும்புத்துறையில் இந்த மாரியும் பூநாரை இறங்கவில்லை. மற்ற இடத்தில் இறங்கினவா என்று போய்ப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் நான் போனால் என் பின்னால் யாராவது வருவார்கள். அதனால் நான் சாகும்வரை அங்கே போகமாட்டேன். இந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றுவேன், அண்ணை.

உங்கள் சொல்லைக் கேட்காத
தங்கச்சி